கேள்வி உங்களுடையது, பதில் என்னுடையது

பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை வைப்பது யார்? – வாசகர், ஐயங்கார்குளம்

நீங்கள்தான்! 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் உரிமை அவர்களுடையது. கடைசிக் கூட்டத்துக்குப் போனீர்களா?

கணக்குக் கேட்டால் தலைமை ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? – வாசகி, ஐயங்கார்குளம்

உங்கள் மாவட்டத்து உத்திரமேரூருக்கு அவரையும் அழைத்துப் போங்கள். கி.பி. 920 வாக்கில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. அது சொல்கிறது: ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை, ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது! 1,100 வருடமாக நம் மண்ணில் கேட்கிற கேள்விக்கு யார் கோபிப்பார்?

நல்ல தலைமை ஆசிரியருக்கு, கேட்க வரும் பெற்றோரே பெரிய பலம்.

ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் போட்டால்தானே படிப்பார்கள்? – வாசகர், உத்திரமேரூர்

ஐந்து வருடம் பள்ளிக்கு வந்தும் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால், ஃபெயில் ஆனது யார்?

5, 8ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை 2019இல் அறிவித்த தமிழக அரசு, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு ஃபெயில் போட விதியைத் திருத்தியபோதும், தமிழ்நாடு மறுத்தது. 2025இல் 3, 5, 8ஆம் வகுப்புகளில் நடந்த மாநில அடைவுத் தேர்வு, பள்ளிகள் எங்கே பின்தங்குகின்றன என்று பார்ப்பதற்கானது. அந்த முடிவைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையை நிறுத்தாதீர்கள், குறையை நிறுத்துங்கள்.