கோடியக்கரைச் சாப்பாட்டுக் கடையில் ‘என்ன இருக்கு?’ என்னும் வினா: ஒரு கள ஆய்வு

சிறிய உணவகம் குறித்து இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி பெருநகரத்தார் எழுதியது. மயிலாப்பூரில் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னிக்காகக் காலையில் வாசலில் நிற்பவர்கள், நின்றதையே ஒரு பண்பாடாக வளர்த்துவிட்டார்கள். குறை சொல்லவில்லை, சட்னிக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் அங்கே இடம் கிடைக்காதவர் அடுத்த தெருவில் வேறு இட்லி தின்னலாம். போக்கிடம் உள்ளவரை வைத்துக்கொண்டு கடைக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவை அளக்க முடியாது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, தார்ச்சாலை தீர்ந்து கடல் தொடங்கும் கோடியக்கரையை இவ்வாய்வு தேர்ந்துகொண்டதற்குக் காரணம் அதுவே.

முதலில் வரலாற்றுச் சான்று. இவ்வூர்ச் சிவனான கோடிக்குழகரைப் பாட வந்த சுந்தரர், கடற்காற்று வீசும் கரையில் துணையின்றித் தனியே இருக்கிறாயே என்று மனம் நொந்து கேட்கிறார். அன்று அங்கே சாப்பாட்டுக் கடை இல்லை என்பதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் கிடையாது. கடை இருந்திருந்தால் எந்தத் தெய்வமும் தனியே இருந்திருக்க முடியாது. “சாப்பிட்டாச்சா?” என்று கேட்க யாராவது வந்திருப்பார்கள்.

அடுத்தது, உண்போரின் வகைப்பாடு. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. பறவைகளைத் தங்குபவை, வலசை வருபவை என்று பிரிப்பதுபோல் பெஞ்சில் உட்காருவோரையும் பிரிப்பதே முறை. தங்குபவர் உள்ளூர்க்காரர், உப்பளத்துக்காரர், பஸ் டிரைவர். வலசை வருவோர் ஏறக்குறைய அக்டோபரில் பூநாரையோடு வந்து மார்ச்சில் பூநாரையோடு போகிறார்கள். இதில் முதல் இனம், மீன் சீசனுக்கு வெளியூர்க் கடற்கரைகளிலிருந்து வந்து கொட்டகை போடும் மீனவர்; அவர்களை ஒட்டி ஐஸ் வண்டிக்காரரும் வியாபாரியும். இரண்டாவது, கழுத்தில் பைனாகுலர் தொங்கும் இனம். சதுப்பு நிலத்தில் பசி தாங்கும், பெஞ்சில் தாங்காது. மூன்றாவது, ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு வருவது. வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகேற்றிய பூங்குழலியின் ஊரைப் பார்க்க வந்து, குழம்பு ஊற்றும் அக்காவை ஒருமாதிரிப் பார்க்கும். அக்கா இதைக் கண்டுகொள்வதில்லை. ஆடி, தை அமாவாசைகளில் ஆதிசேது எனப்படும் இவ்வூர்க் கடலில் முழுக்குப்போட வருவோர் அன்று மீன் பக்கம் தலைவைக்க மாட்டார்கள். ஆகவே அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை.

இனி வினாவுக்கு வருவோம். வலசை வந்தவர் உட்காருமுன் கேட்பது: “என்னக்கா இருக்கு?” வரும் விடை: “உக்காருங்க தம்பி.” பதில் வரவில்லையே என்று பட்டணத்தார் மனம் சுருங்குவது இந்த இடத்தில்தான். உண்மையில் முழுப் பதிலும் வந்துவிட்டது. இருப்பது ஒன்று, அது வரும், நீங்கள் செய்யவேண்டிய வேலை உட்காருவது மட்டுமே. விடியலில் பைபர் படகில் காலா ஏறினால் காலாக் குழம்பு, வாவல் ஏறினால் வாவல் வறுவல். வாடைக்காற்று முறுக்கிக்கொண்டு படகு கரையிலேயே கிடந்தால் கருவாட்டுக் குழம்பு, மிஞ்சினால் முட்டை. தங்கும் வகையினர் இந்த வினாவைக் கேட்பதே இல்லை. வரும் வழியில் மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே மெனுவைப் படித்துவிடுகிறார்கள்.

ஜப்பானில் தேர்வைச் சமையல்காரரிடமே விட்டுவிடும் கடைகள் உண்டு என்றும், அங்கே மாதக்கணக்கில் முன்பதிவு செய்துகொண்டு போகிறார்கள் என்றும் படிக்கிறோம். தேர்வைப் பறிகொடுக்க அவ்வளவு காத்திருப்பா என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை, செய்தி காதில் விழுந்தால் வியந்துபோவார்கள்.

பறவைக்கு வளையம் போடும் கலையும் கடைக்குத் தெரியும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இவ்வூரில் நெடுங்காலமாகப் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி அனுப்புகிறார்கள். மீண்டும் பிடிபட்டால் அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும். அக்காவிடம் வளையம் இல்லை. ஆனால் போன சீசனில் வந்தவர் மறுபடி உட்கார்ந்ததும், “நீங்க தலை திங்க மாட்டீங்கல்ல” என்று நடுத்துண்டைத் தள்ளிவைக்கிறார். பிடிபட்டவர் அதன்பின் வேறு கடைக்குப் பறப்பதில்லை என்பது எம் கண்டறிதல். பெருநகரத்துச் செயலிகள் எவ்வளவோ தரவு சேகரித்தும், நான் தலை தின்னமாட்டேன் என்பது அவற்றுக்கு இன்னும் எட்டவில்லை.

உப்பு பற்றி ஒரு குறிப்பு. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பள்ளிக் கைதான வேதாரண்யம் பக்கத்தில்தான் இருக்கிறது. உப்பளங்கள் இன்றும் வெள்ளையாக விரிந்து கிடக்கின்றன. ஆகவே குழம்பில் உப்புக் குறைவு என்று புகார் சொல்ல இவ்வட்டாரத்தில் எவருக்கும் வரலாற்று உரிமை இல்லை. கூடுதல் என்றும் சொல்லக் கூடாது.

இவ்வாய்வைத் தொடர விரும்பும் அறிஞர்கள் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரலாம். பகல் ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவோருக்கு ரசமும் அப்பளமும்தான் இருக்கும்.