முதலெழுத்து அண்ணன்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் கூடிவந்தால் மூன்று பேரைப் பார்த்தாக வேண்டும். ஜோசியர் நாள் குறிப்பார். மண்டபக்காரர் அந்த நாள் காலியில்லை என்பார். டி.டி.பி. அண்ணன், எந்த நாளாக இருந்தாலும் முதல் எழுத்தைப் பெரிசாகப் போட்டுத் தருவார்.

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் வழியில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர் இது. இங்கே முட்டை விலை ஏறும், இறங்கும். சின்ன வெங்காயமும் அப்படித்தான். அண்ணன் கடையில் முதல் எழுத்து மட்டும் மூன்று வரிக்குக் குறைந்ததில்லை. இவர் எருமப்பட்டிக்கே சொந்தமானவர் என்று நினைக்க வேண்டாம். சேந்தமங்கலம், ராசிபுரம், மோகனூர் எங்கே இறங்கினாலும் ஒருவர் இருப்பார். ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவே, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து உட்கார்ந்திருப்பார்.

"டிராப் போட்டுடட்டுங்களா?" இதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் போகிறாராக்கும் என்று கண்ணாடியைக் கழற்றிய பெரியவர்கள் உண்டு. பத்தியின் முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குத் தூக்கி, மற்ற வரிகளை அதன் தோளில் சாய்த்து வைக்கும் அந்த வித்தைக்கு வேர்டில் இன்ஸர்ட் மெனுவில் ஒரு பொத்தான் இருக்கிறது. அண்ணனின் மவுஸில் அந்தப் பாதை மட்டும் தேய்ந்திருக்கும்.

கல்யாணப் பத்திரிகையோடு நிறுத்திக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று பேரூராட்சிக்கு மனு அடிக்கப் போனவருக்கும் 'ஐயா' என்பதில் 'ஐ' மூன்று வரிக்குப் பூங்கொடி சுற்றி வந்தது. அதிகாரி மனுவைப் படித்தாரோ இல்லையோ, எடுத்ததும் 'ஐ!' என்று வாயைத் திறந்திருப்பார். கோழிப்பண்ணைக் கடன் விண்ணப்பத்தில் 'பெறுநர்' அப்படியே. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் போட மாட்டார். "ஆரம்பத்துக்குத்தானுங்க அலங்காரம்" என்பார்.

ஒரு விதத்தில் அண்ணன் பெரிய பரம்பரையைச் சேர்ந்தவர். குட்டன்பர்க் 1450களில் பைபிளை அச்சிட்டபோது பெரிய முதலெழுத்துகளுக்கு இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். வாங்கியவர்கள் ஆள் வைத்து வரைந்துகொண்டார்கள். அவருக்குப் பைனான்ஸ் பண்ணிப் பிறகு வழக்கும் போட்ட ஃபுஸ்ட், அவரிடம் வேலை பார்த்த ஷோஃபரோடு சேர்ந்து 1457இல் பைபிள் சங்கீதங்களை ஒரு புத்தகமாகப் போட்டார். அதில் சிவப்பும் நீலமுமாக முதலெழுத்து அச்சிலேயே வந்துவிட்டது. அண்ணனுக்கும் சிவப்பும் நீலமும்தான் பிடித்த கலர். கறுப்பு எழுத்துக்குச் சிவப்பு முதலெழுத்து என்று மட்டும் வைக்க மாட்டார். வைத்தால் அடுத்த கட்சிக்காரர் வீட்டு ஆர்டர் வராது.

நம் சுவடிக்காரர்கள் இந்த ஆடம்பரத்துக்கே போகவில்லை. குறுகலான ஓலையில் ஒரே எழுத்துக்கு மூன்று வரியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எங்கே எழுதுவது? பிள்ளையார் சுழியோடு முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் தமிழ் எழுத்து அண்ணனுக்கு லேசில் மசியவில்லை. அவர் தொழிலுக்கு வந்தது பேஜ்மேக்கர் காலத்தில். பாமினி மாதிரி பழைய ஃபாண்டுகளில் 'பெ' ஓர் எழுத்தாகக் கணக்கில் வராது. கொம்பு தனி, 'ப' தனி. 'பெரியோர்களால்' என்று அடித்து டிராப் கொடுத்தால், மூன்று வரி உயரத்துக்குக் கொம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கும். 'ப' கீழே சின்னதாக, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்கும். 'நிகழும்' என்று தொடங்கினால் 'ந' பெரிசாகிவிடும், அதன் கொக்கி அடுத்த எழுத்தின் தலையில் உட்காரும். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு டிராப் கொடுக்க வேண்டும் என்பதை அண்ணன் யாரிடமும் கற்கவில்லை. பல வீட்டுப் பத்திரிகைகளில் பழகிக்கொண்டார்.

எழுத்துகளில் அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் உண்டு. 'ஸ்ரீ' வந்தால் முகம் மலரும். 'அ' நிறைந்த எழுத்து. 'ப' வெறும் தொட்டி, எவ்வளவு பெரிசாக்கினாலும் உள்ளே காலிதான். 'கு', 'கூ' வால் நீட்டி நாலாவது வரியை இடிக்கும். ழ, ள, ண, ன, ற ஆகியவை சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் அன்றே சொல்லிவைத்ததை டி.டி.பி. ஆபரேட்டர்களுக்குச் செய்த உபகாரமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வரிக்கு ஒரு 'ண' வந்தால் மணமக்கள் பேர் பின்பக்கம் போய்விடும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று யோசித்தால் அண்ணன் மேல் பரிவுதான் வரும். பத்திரிகையில் வாசகம் வழிவழியாக வந்தது. நேரம் ஜோசியருடையது. படம் சிவகாசியிலிருந்து வந்த அட்டையிலேயே இருக்கிறது. பெயர்களைச் சொல்லப் பத்துப் பேர் பின்னால் நிற்கிறார்கள். அண்ணன் கை வைக்க மிச்சம் இருப்பது அந்த ஒரே எழுத்து.

அதற்கும் ஒரு முறை ஆபத்து வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் புரூஃப் பார்க்க வந்து, பெயர்ப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போய் நின்றார்.

"ஏனுங்க தம்பி, எங்க சின்ன மாமன் பேரு காணமே?"

"எடமில்லீங்க மாமா."

"எடமில்லீங்களா? இந்த 'நி' ஒண்டியா மூணு வரிய வளைச்சுப் போட்டு உக்காந்திருக்குதே! அத எந்திரிக்கச் சொல்லுங்க, எங்க மாமன் உக்காரட்டும்."

"அது மங்களமுங்க மாமா. கார்டுக்கே அதான் அழகு."

"சரி, எங்க மாமன் கோவிச்சுட்டு வராம போயிட்டா, சீர் யாரு வெப்பா? இந்த 'நி' வெக்குமா?"

அண்ணனிடம் பதில் இல்லை. எழுத்தை இரண்டு வரிக்குக் குறைக்க மனமும் இல்லை. அதே மெனுவில் 'இன் மார்ஜின்' என்று இன்னொரு வழி உண்டு. எழுத்து ஓரத்துக்குப் போய் நிற்கும், வாசகத்துக்கு முழு அகலமும் கிடைக்கும். அதை அமுக்கினார். வரிகள் சுருங்கின. சின்ன மாமன் பட்டியலில் உட்கார்ந்தார். 'நி' வெளித்திண்ணையில் கம்பீரமாக நின்றது.

அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்கு மங்களமும் தெரியாது, மார்ஜினும் தெரியாது. ஓரத்தை ஒட்ட வெட்டித் தள்ளியது. 'கழும் மங்களகரமான விசுவாவசு வருடம்' என்று பத்திரிகை ஊர் ஊராகப் போய்விட்டது.

ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. வாங்கியவர்கள் தேதியைப் பார்த்தார்கள், மண்டபத்தைப் பார்த்தார்கள், தங்கள் பெயர் அடுத்தவர் பெயருக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்தார்கள். கல்யாணத்தன்று பந்தியில் அண்ணனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. தாய்மாமன் தேடி வந்து தோளில் கை போட்டார்.

"கார்டு பிரமாதமுங்க தம்பி. எல்லாரும் சொல்றாங்க. தை மாசம் எங்க பையனுக்கும் நீங்கதான் போட்டுத் தரணும்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போட்டர்லாமுங்க மாமா. இந்தத் தடவ பத்து வரிக்கு டிராப் குடுக்கறேன். அதுக்கு மேல வேர்டுலயே எடமில்லீங்க."