பூட்டியல்

நிரல்கள் இரு வகைப்படும்: ஒற்றை இழையில் ஓடுவன, பல இழைகளில் ஓடுவன. இழை என்றது ஆபீஸில் த்ரெட் என வழங்குவதை. முதல் வகையை எழுதுவோர் இரவில் தூங்குவர். அவர்களுக்கு நூல் வேண்டா. இது இரண்டாம் வகையாருக்கு.

இழைகள் பலவாதல் தன்னளவில் குற்றமன்று. தத்தம் பொருளைத் தாமே கையாளும் வரை ஆயிரம் இருப்பினும் கேடில்லை. பொருள் பொதுவாதல், அது மாறக்கூடியதாதல், மாற்றுவோரிடையே ஒழுங்கின்மை ஆகிய மூன்றும் கூடிய இடத்தே கேடு பிறக்கும். ஒன்றை நீக்கினாலும் போதும். ஆயினும் நம்மவர் முதல் இரண்டையும் தொடாமல் மூன்றாவதையே பிடித்துத் தொங்குவர்; மூன்றிலும் கடினமானது அதுதான்.

கேடாவது யாது எனின், ‘எண்ணிக்கையில் ஒன்று கூட்டு’ என்னும் ஒரு வரியைக் காண்க. கண்ணுக்கு அது ஒரு செயல். இயந்திரத்துக்கு மூன்று: படித்தல், கூட்டல், எழுதுதல். ஓர் இழை 7 என்று படித்தது. அது எழுதுமுன் மற்றோர் இழையும் 7 என்றே படித்தது. இரண்டும் 8 என்று எழுதிவிட்டுப் போயின. டிக்கெட் வாங்கியவர் இருவர், கணக்கில் ஏறியவர் ஒருவர். இது ரேஸ் கண்டிஷன் எனப்படும். எழுதியவர் மேசையில் ஒருபோதும் தோன்றாமையும், வாடிக்கையாளரிடத்தில் வெள்ளிக்கிழமை மாலை தோன்றுதலும் இதன் சிறப்பிலக்கணம்.

இதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஓர் இழையையே உள்ளே விடுவது பூட்டு. இனிப் பாகுபாடு. ஜாவா வகுப்புகளுக்கு ஜோஷுவா பிளாக் 2001-இல் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் இழைப் பாதுகாப்பு நோக்கி ஐந்து படிகள் வகுத்தார். பிறந்தபின் மாறாதன முதற்படி, ஸ்ட்ரிங் அத்தகையது. எத்தனை பேர் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆகவே அதைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. தம்மைத் தாமே காப்பன இரண்டாம் படி. நிபந்தனையோடு காப்பன மூன்றாவது. காவாதன நான்காவது: அர்ரேலிஸ்ட், ஹாஷ்மேப் முதலியன. பூட்டும் பொறுப்பு உன்னுடையது என்று சொல்லிவிடுவதால் இவற்றை நேர்மையாளர் என்னலாம். அச்சொல்லைக் கேளாதவர்க்கு வரும் தண்டனை பெரிது. ஜாவா 8-க்கு முந்தைய ஹாஷ்மேப்பை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் பெருக்க வைத்தால், உள்ளிருக்கும் சங்கிலி தன்னையே சுற்றி வளையமாகிவிடுவதுண்டு. அதன்பின் அதனுள் தேடச் சென்ற இழை திரும்பாது. வெளியே எவ்வளவு பூட்டினும் உருப்படாத பகைவர் ஐந்தாம் படி.

மூன்றாம் படியில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் பட்டறிவுடையோரும் வழுக்குவது அங்கேதான். வெக்டர், ஹாஷ்டேபிள் என்பன 1996-இல் வந்த முதல் ஜாவாவிலேயே இருந்த முதுவர். உள்ளிருக்கும் பொருளைத் தொடும் மெத்தட் ஒவ்வொன்றிலும் பூட்டு உண்டு. பயன்படுத்துபவர் வந்து, ‘இப்பெயர் உன்னிடம் உண்டா?’ என்று வெக்டரைக் கேட்கிறார். பூட்டி, பார்த்து, திறந்து, ‘இல்லை’ என்கிறது. ‘ஆயின் சேர்த்துக்கொள்’ என்கிறார். மீண்டும் பூட்டி, சேர்த்து, திறக்கிறது. கேள்விக்கும் சேர்ப்புக்கும் நடுவே இன்னோர் இழை அதே பெயரைச் சேர்த்துவிட்டுப் போனது இருவருக்கும் தெரியாது. அறைதோறும் பூட்டிவிட்டுப் பண்டத்தைத் தாழ்வாரத்தில் வைத்தாற்போல. கேடு குடியிருப்பது செயல்களுக்கு நடுவில் என்க. 2004-இல் ஜாவா 5-உடன் வந்த கன்கரன்ட்ஹாஷ்மேப், ‘இல்லையேல் இடு’ என்பதைப் பிளவுபடாத ஒரே செயலாகத் தந்தது இது கருதியே.

ஐந்து படிகளும் போதா என்பது எம் துணிபு. ஆறாவது, சாது வேடத்தன. தேதியை எழுத்தாக்கும் சிம்பிள்டேட்ஃபார்மேட் இதற்குச் சான்று. வெறுமனே வடிவம் தருவது போலத் தோன்றும். உள்ளே ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அழைப்பிலும் அதில் எழுதும். இதை ஸ்டாட்டிக் ஆக்கிப் பலருக்குப் பொதுவாக்கினால் ஒருவர் பில்லில் இன்னொருவர் தேதி விழும். ஏழாவது, இதுகாறும் பாதுகாப்பானவை. கூட்டம் வராத தளங்கள் யாவும் இதில் அடங்கும்.

பூட்டின் முதலாசிரியர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. இரண்டு இழைகளுக்கு டெக்கர் என்பவர் கண்ட தீர்வை அவர் 1965-இல் எத்தனை இழைகளுக்கும் விரித்தார். செமஃபோர் என்னும் காவலும் அவர் தந்ததே. ஒருவரை மட்டும் விடும் மியூடெக்ஸ், படிப்போர் பலரையோ எழுதுவோர் ஒருவரையோ விடும் பூட்டு, வாசலிலேயே சுழன்றுகொண்டு நிற்கும் ஸ்பின்லாக் எனப் பூட்டின் வகைகள் விரியும், விரிவஞ்சி விடுத்தாம்.

பூட்டால் விளையும் கேடுகளோ சுவையானவை. வட்ட மேசையில் ஐந்து தத்துவ ஞானிகள், இருவருக்கிடையே ஒன்றாக ஐந்து முள்கரண்டிகள்; உண்ண இரண்டு வேண்டும். ஒவ்வொருவரும் இடக்கைப்பக்கத்ததை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்ததற்குக் காத்திருக்கின்றனர், யாரும் உண்ணார். கையால் உண்போர்க்கு இச்சிக்கல் இல்லை என்பாரும் உளர். அவர் கூற்று இங்கே வேண்டா. இந்த டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகளைக் காஃப்மனும் உடனாசிரியர் இருவரும் 1971-இல் வகுத்தனர்: தனியுரிமை, பிடித்தபடி காத்திருத்தல், பிடுங்கவியலாமை, காத்திருப்பு வட்டமாதல். பூட்டுகளுக்கு எண் இட்டு, சிறிய எண்ணிலிருந்தே எடுப்பது என்று வைத்துக்கொண்டால் வட்டம் உடையும். அனைவரும் மரியாதையாக விட்டுக்கொடுத்து, அனைவரும் ஒருசேர மீண்டும் எடுப்பது லைவ்லாக். அதில் பிராசஸர் நன்றாக உழைக்கும். வேலை மட்டும் நடவாது.

ஒரே பெரிய பூட்டு போதாதோ எனின், லினக்ஸ் செய்து பார்த்தது. 1996-இல் 2.0 பதிப்பில் கெர்னல் முழுமைக்கும் ஒரு பூட்டைப் போட்டார்கள். அது முற்றிலும் நீங்கியது 2011-இல், 2.6.39-இல். போடுதல் எளிது.

மேலோர் கீழோரால் நிற்கும் கேடு செவ்வாயில் விளைந்தது. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில், தாழ்ந்த முன்னுரிமையுடைய வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. உயர்ந்த பணி அதற்காகக் காத்தது. இடையில் நடுத்தரப் பணிகள் புகுந்து, தாழ்ந்ததை ஓடவே விடவில்லை. உயர்ந்தது குறித்த நேரத்தில் முடியாமை கண்டு கணினி தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டது, பலமுறை. பூட்டுப் பிடித்திருப்பவர்க்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையை இரவல் தரும் வசதி அதில் இருந்தது, அணைத்து வைத்திருந்தனர். பூமியிலிருந்து அதை முடுக்கியதும் நோய் தீர்ந்தது. இறங்குமுன்னரே சோதனையில் இது தலைகாட்டியதாம். தேடப் போனபோது வரவில்லை.

எல்லாக் கேடும் நகைக்குரியதன்று. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிரைப் பாய்ச்சியது, சிலர் இறந்தனர். 1986-இல் டெக்சஸின் டைலர் நகரில் நேர்ந்தவற்றில், இயக்குபவர் தவறாகத் தட்டிய எழுத்தைச் சில நொடிகளில் திருத்தினார். காந்தங்களை அமைக்க எட்டு நொடி எடுத்துக்கொண்டிருந்த நிரல் அந்தத் திருத்தத்தைக் காணவில்லை. முந்தைய தெராக்-20-இலும் இதே பிழை இருந்தது. வன்பொருள் தடை ஒன்று ஆளுக்கு ஊறு நேராமல் காத்தது. புதியதில் மென்பொருளை நம்பி அந்தத் தடையை எடுத்துவிட்டனர்.

பிழைக்கு மருந்திடும் முறையால் நிரல் ஆசிரியரையும் வகுக்கலாம். நடுவில் ஒரு ஸ்லீப் போட்டு இருநூறு மில்லிநொடி உறங்க வைப்போர் ஒரு சாரார். அவர் பிழையைத் தீர்ப்பதில்லை, ஒத்திவைக்கின்றனர். கண்ணில் பட்ட மெத்தட்டுக்கெல்லாம் சிங்க்ரனைஸ்ட் என்னும் பூட்டைச் சாத்துவோர் மற்றொரு சாரார். பிழையைக் காண ஒரு பிரின்ட் வரி சேர்த்து, சேர்த்ததும் பிழை மறைவதைக் கண்டு திகைப்போர் மூன்றாமவர். ஜாவாவின் பிரின்ட்எல்என் உள்ளே தானே ஒரு பூட்டைப் பிடிக்கிறது. இழைகள் அங்கே வரிசையில் நின்றுவிடுகின்றன. அவ்வரியை நீக்க அஞ்சி அப்படியே வெளியிட்டோரை நூலார் பழிப்பதில்லை. எதையும் பொதுவாக்காமலும் மாற்றாமலும் எழுதுவோர் நான்காமவர்; மாற்றுவதைத் தவிர்ப்பவர் என்பதால் இவரைச் சோம்பேறி என மேலாளர் கருதுவர்.

புறனடை: இழைகள் இரண்டும் வேறு வேறு கணினிகளில் இருப்பின் இவ்விதிகள் செல்லா. அங்கே பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதிலேயே இருவருக்கும் உடன்பாடு இராது; அது தனி நூல்.