எம்டனைக் கவுத்த தூசி

பேராண்டி, உன் பிளாஸ்டிக் எம்டன் மாடலைப் பாத்தன்டா. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் கடக்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிங்களக் குண்டு போட்டுக் கொளுத்திட்டு ஓடுச்சே, அதே ஜெர்மன்காரன் கப்பல். நவம்பர் மாசம் கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட ‘சிட்னி’ கப்பல் அடிச்ச அடியில அது தரை தட்டி நின்னுடுச்சி. ஆம்பூர்ல அந்த வேலைய அலமாரியில படிஞ்ச தூசியே செஞ்சிடுச்சி. பீரங்கி எது, ஒட்டடை எதுன்னு பிரிச்சிப் பாக்க என் கண்ணாடி பத்தல.

1:350 அளவுன்னு பொட்டி மேல போட்டிருக்கான். அப்படின்னா இன்னா? நெசக் கப்பல் 118 மீட்டர், உன்னுது முக்கா முழம். கணக்கு அதோட முடியலடா. ஒரு தலமயிரு தடிமன் சுமாரா 0.07 மில்லிமீட்டர். அத்த 350ஆல பெருக்கு. இரண்டரை சென்டிமீட்டர் வருதா? உன் தலையில இருந்து ஒண்ணு உதிர்ந்தாலே அந்தக் கப்பல் மேல தேர்வடம் விழுந்த மாதிரி. உனக்கு இருக்கிறதே கொஞ்சம், அத்தையும் கப்பலுக்குத் தானம் பண்ணிகினு இருக்கிற.

தூசி எங்கிருந்து வருதுன்னு ஊரையே திட்டுற. திட்டு, பாதி நியாயந்தான். பாலாறுன்னு பேரு, வருசத்துல முக்காவாசி நாள் மணல்தான் ஓடுது. பெங்களூரு ரோட்டுல லாரி நிக்காது. ஆனா மீதிப் பாதி உன் போர்வை நூலு, துண்டு நூலு, உன் ஒடம்புல இருந்து உதிர்ற தோலு. தோலுக்குப் பேர் போன ஊர்ல பொறந்துட்டு, சொந்தத் தோலையே கப்பல் மேல காயப் போட்டிருக்கியே!

இந்தத் தாத்தாவுக்குக் கப்பல் தெரியாது. தூசி தெரியும். டேனரியில பஃபிங் மிஷின்கிட்ட நின்னவன் நானு. எமரித் தாள் சுத்தின உருளை மேல, பதனிட்டுக் காய வெச்ச க்ரஸ்ட் தோலு போயி வந்தா, மேல்பக்கம் வழவழன்னு ஆவும். அதோட மாவு மாதிரி தோல்தூள் கெளம்பும். மூக்குல துணி கட்டாதவன் சாயங்காலம் இருமியே ஊட்டுக்குப் போவான். அந்தத் தூளு சும்மா படியாது. உராய்ஞ்சதுல மின்சாரம் ஏறிப்போயி தோலைக் கவ்விப் புடிச்சிக்கும். அதுக்குன்னே தூசி எடுக்கிற மிஷின் தனியா இருக்குது. ஒரு பக்கம் காத்தை வேகமா அடிக்கும், இன்னொரு பக்கம் உறிஞ்சும். அத்தத் தாண்டாம ஸ்ப்ரேக்குப் போன தோலு, கலர் ஏறினப்புறம் சொறி சொறியா நிக்கும், இல்லன்னா உரிஞ்சி வரும். உன் கப்பலுக்கு அடிச்ச சாம்பல் பெயிண்டுல பொரிப்பொரியா இருக்குதே, அது கடல் அலையில்ல ராசா, பெயிண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி துடைக்காத தூசி. ஈரம் காயற வரைக்கும் ஒரு டப்பாவைக் கவுத்து மூடியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். நீயோ ஃபேனுக்கு நேரா வெச்சிக் காய வெச்ச, கெட்டிக்காரன்.

இப்ப என்னத்த வெச்சித் துடைக்கிற? பழைய பனியன். அடடா. காஞ்ச துணியால பிளாஸ்டிக்கைத் தேய்ச்சா மின்சாரம் ஏறும். போன தூசி பங்காளியக் கூட்டிகினு திரும்பி வரும். நடுவுல கொடிக்கயிறு ரெண்டு அறுந்து பனியனோட போயிடும். அத்தை விட்டுட்டு, உன் அக்கா மூஞ்சிக்குப் பவுடர் போடுற பெரிய பிரஷ்ஷு மாதிரி புதுசு ஒண்ணு வாங்கு. அவளுதை எடுத்தியோ, எம்டன் கதி உனக்கு. மேலேர்ந்து கீழ, ஒரே பக்கமா, கெஞ்சுற மாதிரி தட்டு. கேமராக்காரன் கையில ரப்பர் பம்பு வெச்சிப் புஸ் புஸ்னு அடிப்பானே, சந்து பொந்துக்கு அது போதும். வேக்குவம் வெக்கணும்னா வாயில பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டிட்டு வெய்யி. பிய்ஞ்ச ஏணி, கழண்ட நங்கூரம் எல்லாம் சாக்ஸுலயே சிக்கி நிக்கும், பொறுக்கிக்கலாம்.

ஞாயித்துக்கெழமை பிரியாணி தம் போடுற அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலயா வெப்பாங்க? எண்ணெய்ப் புகை தூசியோட சேந்தா பசை. பிரஷ்ஷுக்கு அசையாது. பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணியில பிரஷ்ஷை நனைச்சி, ஒட்டுப்படம் ஒட்டின எடத்தைத் தொடாம, பொறுமையா எடுக்கணும். பொறுமைன்னு சொல்லிட்டன், உங்க அப்பன்கிட்ட குடுத்துடாத.

கண்ணாடிப் பொட்டி வாங்கச் சொன்னா “அதுக்கு ஏது தாத்தா காசு”ன்ற. கப்பலுக்கு மட்டும் காசு ஆத்துல வந்துச்சா? பாலாத்துல அதுவும் வராது. பொட்டியோட விலையையும் சேத்துத்தான் கப்பலோட விலை. அக்ரிலிக் பொட்டின்னா ஈரத்துணியால துடை, காஞ்ச துணி பட்டா அதுவே தூசியக் கூப்பிடும். கதவு இடுக்குல மெல்லிசா ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டு. ஷூ கம்பெனிக்காரன் வெட்டிப் போட்ட துண்டு ஊரெல்லாம் கெடக்குது. ஷூ பொட்டியில வர்ற சிலிகா பொட்டலம் ஈரத்துக்கு நல்லது, உள்ள ஒரு மூலையில போட்டு வெய்யி. பூச்சி வந்துடும்னு உன் பாட்டி அந்துருண்டை போட வருவா. விடாத. அந்த ஆவி இந்த மாதிரி பிளாஸ்டிக்கை இளக வெச்சிடும், எம்டன் வெண்ணெயாயிடும்.

அவ கொலு பொம்மைக்கு அது சரி, ஏன்னா அது மண்ணு. ஆனா அவகிட்ட கத்துக்க வேண்டியது வேற இருக்குது. மண்பொம்மை மேல ஈரக்கை பட்டா சாயம் வரும்னு தெரிஞ்சி, ஒரு நாளும் தண்ணி காட்ட மாட்டா. ஒம்போது ராத்திரி படியில வெப்பா, ஊரைக் கூப்பிட்டுச் சுண்டல் குடுப்பா. விஜயதசமி முடிஞ்சா பழைய வேட்டித்துணியில சுத்திப் பரண்மேல ட்ரங்குப் பொட்டிக்குள்ள. வருசம் பூரா தூசி துடைக்கிற வேலையே இல்ல. நீ வருசம் பூரா காட்டணும்ன்ற, துடைக்கவும் மாட்டேன்ற.

அப்படி வருசம் பூரா காட்டுறவனும் இருக்கான். நம்மூர் ஷூ போய்ச் சேர்ற அதே ஜெர்மனியில, ஹாம்பர்க்ல, பிரவுன்னு எரட்டைப் புள்ளைங்க 2001ல குட்டி ரயில் ஊரு ஒண்ணு தொறந்தாங்க. மலை, ஊரு, ஏர்போர்ட்டு எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல. அங்க பிரஷ்ஷும் வேக்குவமும் எடுத்துகினு தூசி தட்டுறதே ஆளுங்களுக்குச் சம்பள வேலை. நீ உன் தம்பிக்குச் சம்பளம் குடுப்பியா? அவன் மிக்சர் பாக்கெட்டுக்கே தட்டுவான், ஆனா கைய மொதல்ல கழுவச் சொல்லு.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறன். கட்டிலுக்கடியில பிரிக்காம அடுக்கி வெச்சிருக்கியே கப்பல் பொட்டிங்க, அதுங்க மேல இருக்கிற சீலு கூட உடையல. ஊர்லயே தூசி படாத கப்பல் படை உன்னுதுதான்.