கையை எடுக்காதே, அப்படியே நில்!

எங்கள் வீட்டுக் கூடத்தில் வைஃபை பெட்டி இருக்கிறது. கூடத்துக்கும் என் படுக்கையறைக்கும் நடுவே முப்பது அடி தூரமும், அப்பா காலத்தில் எழுப்பிய கனத்த செங்கல் சுவரும், என் மனைவி சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோவும் இருக்கின்றன. இந்த மூன்றையும் தாண்டி என் கைபேசிக்கு வந்து சேர்வதற்குள் அந்த அலைக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. திரையின் மேல் மூலையில் நாலு வளைவு எரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எரிகிறது, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வேறு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பிதுருதலாகல மலையின் ஞாபகம் வந்துவிடுகிறது.

இலங்கையிலேயே உயரமான மலை அது, 2,524 மீட்டர். 1982-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோது அந்த உச்சியிலிருந்துதான் எங்கள் ஊருக்குப் படம் வருகிறது என்று ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார். அவர் சொன்னதை மறுத்துப் பேசும் அளவுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் யாருக்கும் படிப்பு இருக்கவில்லை. சென்னையில் 1975-லேயே தொலைக்காட்சி வந்துவிட்டது என்றாலும், அந்தப் படம் செங்கல்பட்டைத் தாண்டி எங்களை நோக்கி நடக்கிற உத்தேசத்தில் இல்லை. இலங்கைப் படமோ 300 கிலோமீட்டருக்கு மேல், மன்னார் வளைகுடாவின் மொத்தத் தண்ணீரையும் தாண்டி, ஒரு ரூபாய் கட்டணமில்லாமல் வந்து இறங்கியது. அதிலும் வெக்கை மிகுந்த சாயங்காலங்களில் கடலுக்கு மேலே சூடான காற்றும் ஈரக்காற்றும் அடுக்கடுக்காகப் படிந்து, வானத்தோடு போயிருக்க வேண்டிய அலையை வளைத்துக் கரைப்பக்கம் தள்ளிவிடும். அன்றைக்குப் படம் துடைத்துவைத்த மாதிரி தெரியும். மழைக்காலத்தில் ‘இன்றைக்குக் கடல் சரியில்லை’ என்று மீனுக்குப் போனவர்கள் சொன்ன அதே வாக்கியத்தை நாங்கள் டிவிக்காகச் சொல்லிக்கொண்டோம்.

மாடியில் ஜி.ஐ. பைப்பை ஒன்றோடொன்று முடுக்கி, நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, அதன் தலையில் அலுமினியக் குச்சிகள் வைத்த யாகி ஆன்டெனாவை ஏற்றியிருந்தோம். 1920-களில் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடித்தது அது. வேலையில் பெரும்பங்கு உடாவினுடையது, பேர் யாகிக்கு. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்ப வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். தென்கிழக்கில் எவ்வளவு கிழக்கு, எவ்வளவு தெற்கு என்பதில்தான் வித்தை இருந்தது. நான் மாடியில் பைப்பைக் கட்டிப்பிடித்தபடி நிற்பேன். பெரியப்பா மகன் மாடிப்படித் திருப்பத்தில். கூடத்தில், ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் தெரு முழுக்க.

“தெரியுதா?”

“இல்ல, புள்ளி புள்ளியா வருது!”

“இப்ப?”

“ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல!”

“இப்ப?”

“லேய், அப்படியே நில்லு! கைய எடுக்காத!”

கையை எடுத்தால் படம் போய்விடும். மறுபடி பிடித்தால் வந்துவிடும். இருபதை ஒட்டிய வயது. என் கைராசியால்தான் இலங்கையே எங்கள் கூடத்துக்கு வருகிறது என்று நான் மனமார நம்பினேன், அந்த நம்பிக்கையோடு எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றேன். மனித உடம்பு ஆன்டெனாவின் பக்கத்தில் நின்றாலே அலையின் போக்கு மாறும், அது யாருடைய உடம்பானாலும் சரி என்பதைப் பல வருடங்கள் கழித்து ஒரு பொறியாளர் எனக்கு விளக்கியபோது, பக்கத்து வீட்டு எருமைக்கு மாடியேறத் தெரிந்திருந்தால் அதற்கும் அதே பேர் கிடைத்திருக்குமே என்று தோன்றியது. அந்தக் கைராசியின் பலன், ரூபவாஹினியில் தமிழ்ப் படம் போட்ட ராத்திரிகளில் தெருவே பார்த்த படத்தை நான் மட்டும் பார்க்கவில்லை. சிரிப்புச் சத்தம் வந்தால் நகைச்சுவைக் காட்சி, மூக்குச் சிந்தும் சத்தம் வந்தால் கிளைமாக்ஸ் என்று நட்சத்திரங்களுக்குக் கீழே நின்று ஊகித்துக்கொண்டிருந்தேன். பாதியில் சித்தி ஒரு டம்ளர் சுக்குக்காப்பியைப் படியேறிக் கொண்டுவந்து கொடுத்து, அதுவரையிலான கதையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடுவாள். அவள் சொன்ன கதைகள், பிற்பாடு அந்தப் படங்களை நேரில் பார்த்தபோது, படத்தைவிட நன்றாகவே இருந்தன.

1987-இல் கொடைக்கானலில் பெரிய ஒளிபரப்பு நிலையம் வந்தது. ஆன்டெனாவை வடக்கே திருப்பி ஒரேயடியாக முடுக்கிவிட்டோம். யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. அதுவரை புரியாத சிங்களச் செய்தியை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், அன்றிலிருந்து புரியாத இந்திச் செய்தியை மரியாதையோடு பார்க்கத் தொடங்கினோம். படம் துல்லியம். எனக்குத்தான் உத்தியோகம் போய்விட்டது.

பழுது பார்ப்பதில் அன்றைக்கு இருந்த இன்னொரு சுகம், தட்டுவது. அந்தச் சுகத்தைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை என்பது என் கட்சி. ரேடியோ கரகரத்தால் அதன் தலையில் ஒரு தட்டு. அடங்காவிட்டால் விலாவில் ஒன்று. இது முரட்டுத்தனம் மட்டும் இல்லை, உள்ளே நியாயமும் இருந்தது: ஈயப்பற்று விட்டுப்போன இணைப்பும், குழியில் சரியாக உட்காராத வால்வும் அதிர்ச்சியில் ஒரு கணம் பழையபடி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு பலமாக, எந்த இடத்தில், உள்ளங்கையாலா முட்டியாலா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறுபடும் ரகசியம். எங்கள் ரேடியோ தாத்தாவின் கைக்கு மட்டும் கட்டுப்பட்டது. இப்போது கையில் இருக்கும் கண்ணாடிச் சில்லை, அது என்ன அழிச்சாட்டியம் செய்தாலும், வெல்வெட்டுத் துணியால் துடைத்துத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. கோபம் வந்தால் போவதற்கு இடமில்லை.

அந்த ரேடியோவைக் கேட்பதற்கு அரசாங்கத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டினோம் என்று பேத்தியிடம் சொன்னால், தாத்தா கதை விடுகிறார் என்கிறாள். தபால் ஆபீசில் சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள், வருடா வருடம் போய் லைசென்சைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தவறினால் எந்த நேரமும் இன்ஸ்பெக்டர் வரலாம் என்ற பயத்தில், தெருவில் பேண்ட் போட்ட அந்நியர் யார் வந்தாலும் சத்தத்தைக் குறைத்துவைக்கும் வீடுகள் இருந்தன. எண்பதுகளின் நடுவில் அந்த லைசென்சை ஒழித்தார்கள். பிறகு 2005-இல், வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆக, காதால் கேட்பதற்கே அனுமதி வாங்கிய வீட்டில், இன்றைக்கு ராப்பகலாகச் சொந்த ஒலிபரப்பு நிலையம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பாரில்லை. அதன் சக்தி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். இன்ஸ்பெக்டர் பயத்திலிருந்து விடுதலை கிடைத்ததற்குப் பதிலாக, பீரோவைத் தாண்ட முடியாத ஒலிபரப்பு கிடைத்திருக்கிறது.

நடுவில் டெலிஃபோன் வழியாக இன்டர்நெட் வந்து போன காலம் ஒன்று உண்டு. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது; எங்கள் ஊருக்கு வந்து சேர இன்னும் பல சுதந்திர தினங்கள் ஆயின. மோடம் கீச்சிட்டு, இரைந்து, தொண்டையைச் செருமி ஒருவழியாக இணைந்ததும், உள்ளே யாராவது ரிசீவரை எடுத்து “அலோ” என்றால் எல்லாம் அறுந்துவிடும். அப்போதாவது யாரைத் திட்டுவது என்பது தெளிவாக இருந்தது.

இப்போது பழுது பார்ப்பவள் பேத்தி. அவளுடைய வைத்திய முறை எனக்கு மனப்பாடம். முதலில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுப்பாள். அதற்கு மசியாவிட்டால் வைஃபையின் பேரை ஃபோனிலிருந்தே அழித்துவிட்டு, புதுசாகச் சேர்த்து பாஸ்வேர்டு கேட்பாள். பாஸ்வேர்டு தினசரிக் காலண்டர் அட்டையின் பின்புறம் என் கையெழுத்தில் இருக்கிறது. அதில் நான் போட்டிருப்பது சைபரா, ஆங்கில ஓ எழுத்தா என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பிறகு, “தாத்தா, பாட்டி ஃபோன்ல வருதா பாருங்க.” வந்தால் குற்றம் என் ஃபோனில், வராவிட்டால் பெட்டியில். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபர் கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது, அதற்கு வீட்டுக்குள் வைத்தியம் கிடையாது. எரியவில்லையென்றால் பெட்டியை அணைத்து, இரண்டு நிமிடம் சும்மா இருந்து, மறுபடி போட வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டால் அங்கே இருக்கிற பிள்ளையும், “மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினீங்களா சார்?” என்றுதான் கேட்கிறது; இல்லையென்றால், இணையம் வரவில்லை என்ற புகாரை இணையம் வழியாகப் பதிவு செய்யச் சொல்கிறது. எங்கள் தாத்தாவின் தட்டில் இருந்த கம்பீரத்தில் பாதிகூட இதில் கிடையாது.

போன மாதம் சித்தியின் பழைய ஃபோனைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார்கள். வளைவு நாலும் பளிச்சென்று எரிகிறது, ஒரு பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது. பேத்தி எல்லா வைத்தியமும் முடித்துவிட்டுக் கடைசியில் தேதியைப் பார்த்தாள்: 1970, ஜனவரி 1, காலை 5:30. பேட்டரி அடியோடு தீர்ந்துபோனால் சில ஃபோன்களின் கடிகாரம் ஆதிக்குப் போய்விடுமாம். கம்ப்யூட்டர்களின் காலக்கணக்கு 1970 பிறந்த கிரீன்விச் நள்ளிரவில் தொடங்குகிறது, நமக்கு அது விடியற்காலை ஐந்தரை. இணையத்தில் ஒவ்வொரு தளமும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழை நீட்டுகிறது. 1970-இல் உட்கார்ந்திருக்கும் ஃபோனுக்கு அது இன்னும் பிறக்காத பிள்ளையின் மார்க்‌ஷீட், எப்படி நம்பும்? தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்துகொண்டது. திருத்துவதற்கு முன்னால் அந்த ஐந்தரை மணியை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு ஆசை. அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் தாத்தா எழுந்து, ஆகாசவாணியின் அடையாள இசைக்காக ரேடியோவைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் காலமே மேல் என்று நான் புலம்பவில்லை. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். வைஃபை சரியாக இருக்கும் ராத்திரிகளில் அவன் சாப்பிடும் தோசை முறுகலா இல்லையா என்றுகூடத் தெரிகிறது. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பகல் முழுக்கத் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதன் அருமை தெரியும். மருமகள் மைக்ரோவேவில் பால் சுடவைக்கும்போது மட்டும் அவன் முகம் உறைந்துவிடுகிறது, அதுவும் ஏறக்குறைய அதே 2.4-இல்தான் வேலை செய்கிறது என்பதால். இந்த நியாயம் எனக்குப் பழசு. அன்றைக்கு மிக்சி போட்டால் டிவியில் கோடு விழும். தெருவில் டாக்டரின் ஸ்கூட்டர் திரும்பினால் ஸ்பார்க் பிளக்கின் பொறி திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே, டாக்டர் வருகிறார் என்று கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இப்போது தெருவில் யார் என்ன செய்கிறார்கள் என்பது ஃபோனில்தான் தெரிகிறது. வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கம் முழுவதும் வரிசையாக நிற்கிறது: முருகன் துணை, மாடி வீடு, என்னிடம் கேட்காதே என்று விதவிதமான பேர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பூட்டு. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய சேனல்கள் மூன்றே: 1, 6, 11. இத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் முண்டியடித்துக்கொண்டு, பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருக்கின்றன. தெருவே ஒரு பெட்டியைப் பார்த்த காலத்தில் உட்கார இடம்தான் பற்றாக்குறையாக இருந்தது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் மாடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் இருந்திருப்பார். அவர் பார்க்காமல் விட்ட படத்தின் கதையை இப்போதாவது அவரிடம் சொல்லிவிடுங்கள். வைஃபைக்கு என்னிடம் இருக்கும் யோசனை ஒன்றுதான்: பெட்டியை பீரோவுக்குப் பின்னாலும் சுவர் மூலையிலும் வைக்காதீர்கள், வீட்டின் நடுவில் ஆள் உயரத்தில் வையுங்கள். அப்படியும் வராவிட்டால் கம்பெனிக்கு ஃபோன் போடுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேளுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள்.