நந்தி விலகும், படி விலகாது

சிதம்பரத்தைத் தரிசிக்க ஏங்கிய நந்தனாருக்காகத் திருப்புன்கூரில், சிவனை மறைத்து நின்ற நந்தியே நகர்ந்துகொண்டது என்பது ஐதீகம். இன்று செம்மங்குப்பம் கிராமத்திலிருந்து சக்கர நாற்காலியில் ஒரு மாணவி பட்டப்படிப்புக்குக் கிளம்பினால் முதலில் விலக வேண்டியது பேருந்தின் படி. அப்புறம் வகுப்பறையின் படி. கல் நந்தி விலகிய சீமையில் செங்கல் படி மட்டும் அசையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கிடைத்துவிடும், என்ன, அது இரண்டாம் மாடியில் இருக்கும். சாய்தளம் கேட்டால், ‘அப்படி யார் வருகிறார்கள்?’ என்பார்கள். பாலம் கட்டாத ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, அக்கரைக்கு ஒருவரும் நடந்து போகவில்லையே என்று கணக்கெடுப்பதுபோல.

தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநீதி என்பது அடுத்த ஆட்சேபம். தேர்வு அளப்பது அறிவையா, கைவேகத்தையா? வேகம்தான் என்றால் வினாத்தாளை உடற்கல்வித் துறைக்கு அனுப்பிவிடலாம். எழுதக் கை ஒத்துழைக்காதவருக்கு, 40 விழுக்காட்டுக் குறைபாடு என்ற சான்று இல்லாவிட்டாலும், சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் நம் வாயில் அதன் பெயர் ‘சலுகை’. மற்றவர்களுக்குப் பெஞ்சு, விளக்கு, மின்விசிறி எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறோமே, அதற்குப் பெயர் மட்டும் ‘அடிப்படை வசதி’. சக்கர நாற்காலிக்காரரோ தன் இருக்கையைத் தானே கொண்டுவருகிறார். நிர்வாகத்துக்கு ஒரு பெஞ்சு மிச்சம். அந்த மிச்சத்திலாவது ஒரு சாய்தளம் கட்டலாம்.