இரும்பு யார் வீட்டுத் தட்டில்?

1813-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் சார்லஸ் ஜேம்ஸ் மேசன் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். சரக்கின் பெயர் 'அயர்ன்ஸ்டோன் சைனா', அதாவது இரும்புக்கல் பீங்கான். காப்புரிமைத் தாளில் இரும்புக்கல் கசடு சேர்ப்பதாக எழுதியிருந்தது. தாளில் இருந்த கசடு தட்டிலும் இருந்திருந்தால் தட்டு வெள்ளை வெளேரென்றா இருக்கும்? நம்மூர் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சிவந்துபோயிருக்கும். ஆனாலும் இரும்பு என்ற பெயருக்கே தட்டு விற்றது. 1848-இல் மேசன் திவாலானார். பெயர் மட்டும் உடையவில்லை.

நிஜமாகவே இரும்பு வேண்டுமென்றால் மனுஷன் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். கோரிமேட்டுப் பக்கம் மண்ணே துருப்பிடித்துக் கிடக்கிறது. வெள்ளை வேட்டியோடு ஒரு மழைக்கு நடந்து பாருங்கள், சலவைக்காரர் சொல்வார் எவ்வளவு இரும்பு என்று. மேடு என்றுதான் நாம் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரர் கண்ணுக்கு அது சிவப்பு மலை. ஏறினால் மூச்சுகூட வாங்காது.

சிவப்புத் தட்டு மோகம் மேசனுக்கு 1,800 வருஷம் முந்தியது. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊர்க் குயவர்கள் பளபளவென்று செந்தட்டு செய்து, உள்பக்கத்து அடியில் தங்கள் பெயரையும் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அதன் சிவப்பும் இரும்பின் உபயம்தான். அது ஒயின் ஜாடிகளோடு கடல் தாண்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் வந்து இறங்கி, உடைந்து, புதைந்தது. வாழையிலை விளையும் ஊருக்குத் தட்டு ஏற்றுமதி! அந்தக் காலத்து வியாபாரிக்குத் துணிச்சல் அதிகம்.

1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் துரை அங்கே வந்து தோண்டினார். காலம் ஏற்கெனவே தெரிந்த செந்தட்டின் சில்லைக் கண்டதும் கி.பி. முதல் நூற்றாண்டு கையில் கிடைத்துவிட்டது. அதை வைத்துத்தான் தென்னிந்தியப் பானை ஓடுகளுக்கெல்லாம் பிறந்த தேதி எழுதினார்கள். கூடவே உள்பக்கம் புள்ளி வரிசை உருட்டிய கருஞ்சாம்பல் தட்டுகளும் கிடைத்தன. இவ்வளவு நேர்த்தியா, இதுவும் மேற்கத்தியச் சரக்குதான் என்று முடிவு கட்டினார் துரை.

சூளையில் ஒரு சூட்சுமம் உண்டு. மண்ணிலுள்ள இரும்புக்குக் காற்று விட்டால் சிவக்கும், காற்றை அடைத்தால் கறுக்கும். இதற்கு ரோமாபுரி வரை போய்ப் படிக்க வேண்டியதில்லை. பிற்பாடு களிமண்ணைப் பரிசோதித்தார்கள். துரை வெளிநாடென்று சலாம் போட்ட அந்தக் கறுப்புத் தட்டு, இந்தியாவை விட்டு வெளியே போகாத மண்.